ஒரு பஞ்சரும் இல்லை

நான்கு சக்கரமும் கழற்றப்பட்டு அந்தரத்தில் நிற்கிற என் வண்டியைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் ஒருவரை அந்தப் பச்சை அங்கியில் பார்த்துவிட்ட மாதிரி. ஜாபர் அதை லிஃப்டில் ஏற்றித் தன் நெஞ்சுயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார். அடிப்பாகமெல்லாம் புழுதி. இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் ஓட்டியிருக்கிறேன், இதற்கு இப்படி ஒரு வயிறு இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை, பத்து நாற்பது. பெருந்துறையில் ஆடிக் காற்று கடையின் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. முன்பெல்லாம் சனிக்கிழமை பத்து நாற்பதுக்கு அம்மா டயாலிஸிஸ் மெஷினில் ஏறி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், நான் கீழே கேன்டீனில் ஆறிப்போன டீயோடு பிளஸ் டூ விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். இப்போது டீயும் இல்லை, விடைத்தாளும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் அதே மாதிரி, பின்னங்கால் ஒன்று கொஞ்சம் வளைந்தது. போன வாரம் கைபேசிக்கு வந்தது, உங்கள் வாகனத்துக்கு டயர் மாற்றிப் பூட்டும் தேதி நெருங்குகிறது, தமயந்தி அவர்களே. கம்ப்யூட்டர் அனுப்புவது என்று தெரியும். ஆனாலும் அந்த வாரத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் நான் மிஸ், தெருவில் நான் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை தம்பி நந்து கூப்பிட்டால் அக்கா. வருகிறேன் என்று பதில்கூட அடித்தேன். அது போகவில்லை.

வந்ததும் ஜாபர் மீட்டரைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். "போன தடவ வந்ததுல இருந்து ஆயிரத்துச் சொச்சந்தானுங்க டீச்சர் ஓடியிருக்குது. ஐயாயிரம் ஆனா வந்தாப் போதும்." அதில் அம்மா இறந்த பிறகு ஓடியது அறுநூற்றுப் பன்னிரண்டு. அது எனக்கு மட்டும் தெரியும். பதினொரு மாசத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு. முன்பெல்லாம் ஈரோடு போய் வர நாற்பது, வாரத்துக்கு நூற்றிருபது, ஆறே வாரத்தில் இதைத் தாண்டிவிடுவேன். இப்போது வண்டி எங்கேயும் போவதில்லை. பள்ளிக்கூடம் நடந்தே போகிற தூரம். மாசத்துக்கு ஒரு தடவை ஊத்துக்குளி வரை போய்த் திரும்பி வருகிறேன், பேட்டரி இறங்கிவிடும் என்பதற்காக. போகிற வழியில் பின் ஸீட் காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டப் பழகிவிட்டேன், இடது பக்கக் கண்ணாடி வலது பக்கக் கண்ணாடி இரண்டையும் வைத்தே. ஜாபரிடம், "தேதி வந்துடுச்சுங்க, அதான்," என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவர் மகள் ரஹ்மத்தை நான் கெமிஸ்ட்ரியில் தேற்றிவிட்டேன் என்று இன்னமும் நினைக்கிறார். அது அவளே படித்தது. "சரிங்க, மாத்திப் பூட்டிரலாம். முன்னாடி ரெண்டும் நேராப் பின்னாடி போயிரும். பின்னாடி ரெண்டும் குறுக்கா முன்னாடி வரும். இஞ்சின் இழுக்கறதும் வளைக்கறதும் முன்சக்கரந்தானுங்களே, அது சீக்கிரம் தேஞ்சுரும். ஒண்ணே பாரத்தத் தாங்கிட்டிருந்தா நல்லாருக்காது பாருங்க." ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வார், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது மாதிரி. ஒன்றே தாங்கிக்கொண்டிருந்தால் நல்லாயிருக்காது. ஆமாம் ஜாபர். ஆனால் எங்கள் வீட்டில் மாற்றிப் பூட்ட இன்னொரு சக்கரம் புனேயில் இருந்தது. நந்து கெட்டவனில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, இருக்கிற நான்கு நாளில், நீ தூங்குக்கா என்று சொல்லிவிட்டு அவனே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வராது. இப்போது அவனைக் குறை சொல்லவா வந்தேன்? இல்லை. காற்று ரொம்ப அடிக்கிறது, நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொள்ள வேண்டும்.

அவர் ஒவ்வொரு டயராகத் தரையில் உருட்டி, சுற்றிலும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். காடிகளில் சிக்கிய சின்னச் சின்னக் கல்லை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கிறார். கல் தெறித்துத் தகரத்தில் டிங் என்கிறது. அம்மாவின் கையில் ஊசி குத்துகிற நர்ஸ் ஸ்டெல்லாவும் இப்படித்தான், முதலில் தடவுவாள், ஓடுதா பாட்டிம்மா, நல்லா ஓடுதுங்க, என்று கேள்வியும் பதிலும் அவளே. அந்தக் கையில் மெஷினுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். நான் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்த்துவிட்டு ஜாபர் என் பக்கம் திரும்பினார். சிரித்தார். "டீச்சர், எந்த டயர்லயும் ஒரு பஞ்சரும் இல்லைங்க. அஞ்சுலயும் பார்த்துட்டேன். ஒட்டுப் போட்ட தடமே இல்ல. இத்தன ஓட்டத்துல இப்படிப் பார்த்ததில்லைங்க. ராசிக்காரங்க நீங்க." நான் என்ன செய்தேன்? சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்படிங்களா என்று கேட்டேன். அவர் அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு முதலில் வந்தது பயம். அவர் நந்துவிடம் சொல்லிவிடுவாரோ என்று. நந்துவை அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் டயரைப் பற்றி எதற்குப் பேசப் போகிறார்? ஆனாலும் பயம் போகவில்லை. ஐந்து டயரும் வரிசையாகச் சாய்ந்து நின்று என்னைக் காட்டிக்கொடுக்கத் தயாராக இருப்பது மாதிரி. ஒரு பஞ்சரும் இல்லை. எனக்குத் தெரியாதா?

அது ஒரு வியாழக்கிழமை. எல்லா வியாழக்கிழமை மாதிரியும்தான். ஆறரைக்கு எழுந்து, அம்மாவுக்கு உப்பில்லாத இட்லி, காயை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து டப்பாவில் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லி, சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணிவிட்டு அம்மாவைக் கூட்டிவரப் போவதுதான் வழக்கம். ஸ்டார்ட் பண்ணவில்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தது, தலை தானாகப் போய் அதன்மேல் படுத்துக்கொண்டது. அழவில்லை. எனக்கு யார்மேலும் கோபமில்லை. அன்றைக்குப் புதிதாக எதுவும் நடக்கவும் இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கிறேன், முந்தின நாள் ஏதாவது சண்டையா, காய்ச்சலா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று. ஒன்றும் இல்லை. தூக்கம் வந்தது, அவ்வளவுதான். இருபது கிலோமீட்டர் என்பது இருபது என்று எழுதுகிற அளவுக்குச் சின்னதில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. திண்டல் மேடு, அதற்கப்புறம் சிக்னல், அப்புறம் அந்தச் சந்தில் வண்டி திருப்புவது, வீல்சேர் கேட்டு நிற்பது, நான்கு மணி நேரம், திரும்பி வரும்போது பின்ஸீட்டில் அம்மா வாந்தி எடுப்பாளோ என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டே ஓட்டுவது. எவ்வளவு நேரம் அப்படிப் படுத்திருந்தேனோ. உள்ளே போனபோது அம்மா புடவை மாற்றி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி. "கிளம்பலாமா கண்ணு?" என்றாள். "வண்டி பஞ்சரும்மா," என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது. பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருஷமாக நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன், யாரும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். ஸ்டெப்னி இல்லையா, ஆட்டோ கிடைக்காதா, மெக்கானிக்கைக் கூப்பிடேன், எதுவும் கேட்கவில்லை. "அப்ப இன்னைக்கு லீவா?" என்றாள். முகம் அப்படியே இளகிவிட்டது. மழைக்கு லீவு விட்டால் என் கிளாஸில் கடைசி பெஞ்ச் முகங்கள் இளகுமே, அப்படி.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். நாளைக்கு மெஷின் காலியில்லைங்க, சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்துருங்க, சாப்பாடு தண்ணி மட்டும் பார்த்துக்கங்க என்றார்கள். பார்த்துக்கங்க. பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் போய்ப் படுத்துவிட்டேன். பதினொன்றரைக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுந்தேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன்னாலும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. எழுந்து வந்தால் அம்மா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எளநி குடிச்சு ரெண்டு வருசமாச்சு கண்ணு," என்றாள். கேட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது, மரத்திடம் சொன்ன மாதிரி. இளநீரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. பொட்டாசியம். ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். கொள்ளு அளவு பொட்டாசியத்தை இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டு, அது ஊதா நிறத்தில் எரிந்துகொண்டு ஓடுவதை வருஷாவருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது சேர்ந்தால் இதயம் நின்றுபோகும் என்பது அம்மாவின் முதல் நாள் சீட்டிலேயே சிவப்பு எழுத்தில் இருந்தது. இளநீர் என்ற சொல் அந்தப் பட்டியலில் இரண்டாவது. முதலாவது வாழைப்பழம். தெரிந்துதான் தந்தேன். அரை டம்ளர்தாம்மா என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் யாரிடமும் சொல்ல முடியாதது. பொய்யைக்கூடச் சொல்லிவிடலாம். இளநீரைக்கூட. அந்தப் பின்மதியத்தைச் சொல்ல முடியாது. அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் நோயாளியும் டிரைவருமாக இல்லாத ஒரே மதியம் அது. அதை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, இப்போதும்.

சனிக்கிழமை விடியற்காலை அம்மா எழுந்திருக்கவில்லை. டாக்டருக்கு என்னிடம் படித்த பையன்கள் வயசு, நிதானமாகப் பேசினார். ஒரு தடவை தவறியதால் என்றும் சொல்லலாம், இதயம் முன்னாலேயே பலவீனம், அதனால் என்றும் சொல்லலாம், உறுதியா எதுவும் சொல்ல முடியாதுங்க டீச்சர். நந்து மதிய விமானத்தில் கோயமுத்தூர் வந்து, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவன், அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். "எந்த டயருக்கா?" என்றான். நான் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினேன். அவன் போய் அதை எட்டி உதைத்தான். அந்தப் பொங்கலுக்கு வந்திருந்தபோது டயரெல்லாம் பழசாயிருச்சு, நாலும் புதுசா மாத்தித் தர்றேன்னு சொல்லிவிட்டுப் போயிருந்தான், மறந்துவிட்டான். எனக்கும் அது மறந்துதான் போயிருந்தது. அவனுக்கு அன்றைக்கு ஞாபகம் வந்துவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னான், நான் டயர் மாத்திக் குடுத்திருந்தா எங்கம்மா இருந்திருக்கும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழவு வீட்டில் யார் எதைப் பேசினாலும் அது அழுகையோடு போய்விடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. ஞாயிறுதோறும் கேட்கிறான், டயர் மாத்திட்டியா, அத மொதல்ல தூக்கிப் போடுக்கா. போன மாசம் அவன் மனைவி மேகலா தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க. ரோட்டுல எந்த வண்டியப் பார்த்தாலும் குனிஞ்சு டயரத்தான் பார்க்கறாரு. பாப்பா கேக்கறா, அப்பா ஏன் கீழயே பார்த்துட்டு வர்றாங்கன்னு." சொல்கிறேன் மேகலா என்றேன். சொல்லவில்லை. அவனாவது ஒரு டயரை உதைக்கிறான். நான் சொல்லிவிட்டால் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுபோகும். இதுதான் உண்மைக் காரணம். வேறு எதையாவது சொன்னால் அதுவும் பஞ்சர் மாதிரிதான்.

சக்கரங்களைப் பூட்டி, வண்டியைத் தரைக்கு இறக்கி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கிக்கொண்டே ஜாபர், "அம்மா நல்லாருக்காங்களா டீச்சர்?" என்றார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்? "போன ஆவணியில தவறிட்டாங்க," என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கையைத் துணியில் துடைத்தார், எதற்கென்று தெரியாமல் இன்னொரு தடவையும் துடைத்தார். "எனக்குத் தெரியாதுங்க," என்றார். "பின்னாடி ஸீட்ல சாஞ்சு உக்காந்துட்டு, வேலையாகற வரைக்கும் இறங்கவே மாட்டாங்க. ஒருக்கா எங்கிட்டச் சொன்னாங்க. எம் பொண்ணுக்கு நல்ல டயராப் பாத்துப் போடப்பா, அவ தனியாத் திரும்பி வரோணும்ன்னு." நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ தனியாத் திரும்பி வரோணும். எந்தத் தடவை சொன்னாள்? நான் எங்கே இருந்தேன்? சீட்டில் கையெழுத்துப் போடப் போயிருப்பேன். அம்மா தான் இல்லாத திரும்பும் வழியைப் பற்றி ஒரு டயர்க் கடைக்காரரிடம் பேசியிருக்கிறாள், என்னிடம் பேசவில்லை. நானும் அவளிடம் அதைப் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே வண்டியில் இருபதும் இருபதும் நாற்பது கிலோமீட்டர் வாயை மூடிக்கொண்டு போய் வந்திருக்கிறோம். ஜாபர் சாவியைத் தந்தார். நான் வண்டியில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன், காற்றுச் சத்தம் நின்றது. சத்தம் நின்றதும் பயம் பெரிதாகத் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் நந்துவின் குனிந்த தலையும் தெரிந்தது. போனை எடுத்தேன். யோசித்தால் கூப்பிட மாட்டேன் என்று தெரியும், அதனால் யோசிக்கவில்லை.

"சொல்லுக்கா. என்ன சனிக்கெழம கூப்புடறே?"

"டயர்க் கடைக்கு வந்தேன் நந்து."

"மாத்திட்டியா?"

"இல்ல. நந்து, அன்னைக்கு டயர் பஞ்சர் ஆகல."

"என்னக்கா?"

"பஞ்சர் ஆகல. நான் பொய் சொன்னேன். அம்மாகிட்ட, ஆஸ்பத்திரியில, உங்கிட்ட. எனக்குத் தூக்கம் வந்துச்சு. கூட்டிட்டுப் போக முடியல. அன்னைக்கு எளநியும் குடுத்தேன். நீ டயர் வாங்கித் தராததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பின்னால் குக்கர் விசில் அடித்தது, மேகலா யாரிடமோ ஏதோ சொன்னாள். "பதினொரு மாசமாக்கா," என்றான் மெதுவாக. "பதினொரு மாசமா நான்..." போன் கட்டாகிவிட்டது. நான் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், கை ஈரோட்டுப் பக்கம் திருப்பியது, செவ்வாய் வியாழன் சனி பழக்கம். வண்டி மிதந்தது, கொஞ்சம்கூட ஒரு பக்கம் இழுக்கவில்லை. அவன் இனிமேல் கூப்பிட மாட்டான். ஆவணி திவசத்துக்கு வருவான், ஊருக்காக வருவான், என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போவான். போகட்டும். நிமிர்ந்து நடப்பான் இல்லையா, அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதும் என்று தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணியை என்ன செய்வது என்றுதான் தோன்றியது. டிவியைப் போட்டு வைக்கலாம், ஏற்கெனவே எல்லா மணிக்கும் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். திண்டல் மேட்டுக்கு முன்னால் புளிய மரம் ஒன்றின் கீழ் ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். கண் மறைத்தது. நடுக்கண்ணாடியில் பின் ஸீட்டைப் பார்த்தேன், நேராக, ரொம்ப நாளைக்கப்புறம். ஒன்றும் இல்லை. மடித்த ஒரு துண்டு. அரை மணி நேரம் இருக்கும், போன் அடித்தது.

"அக்கா." குரல் கரகரவென்று இருந்தது. "எனக்கு உம்மேல கோவம் இருக்குது. எப்பப் போகும்னு தெரியல. போகுமான்னும் தெரியல."

"சரி நந்து."

"சரின்னு சொல்லாத." லாரி ஒன்று என்னைக் கடந்தது, வண்டி ஆடி நின்றது. "எளநி யாரு வெட்டுனது?"

"நாந்தான். நம்ம பின்வாசல் மரத்துது. தேங்கா பறிக்கறவர் காலையில போட்டுட்டுப் போன குலை. அருவாள எனக்குச் சரியாப் புடிக்கத் தெரியல, பாதி சிந்திருச்சு."

"அம்மா என்ன சொல்லுச்சு?"

"சிரிச்சுது. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஒரு ஓட்ட போடத் தெரியலேன்னு சிரிச்சுது. டம்ளர்ல ஊத்தித் தரேன்னேன், வேண்டான்னுடுச்சு. காயோடதான் குடிப்பேன்னுச்சு. உறிஞ்சறதுக்கு வீட்ல ஒண்ணும் இல்ல நந்து. அதுவே எந்திரிச்சு, சுவரப் புடிச்சுட்டே போயி, பப்பாளி மரத்துல ஒரு எலத்தண்டு ஒடிச்சுது. ரெண்டு பக்கமும் நறுக்கி, ஊதிப் பார்த்துச்சு. அதான் குழா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. போனை அவன் வைக்கவில்லை. "அப்புறம்?" என்றான்.

நான் இஞ்சினை அணைத்துவிட்டு, ஸீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, அப்புறம் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன்.